மண்ணுக்குள்ளேயே பூத்த துலிப்: பள்ளத்தூர் வீடொன்றில் மூன்று பருவம்

“தம்பி, பூவு மண்ணுக்குள்ளயே பூத்துக் கெடக்கு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க.”

2022 மாசியில் ஒரு காலை பள்ளத்தூரிலிருந்து ஆச்சி போன் செய்தபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. காரைக்குடிப் பக்கம் நர்சரி வைத்துப் பதினைந்து வருடமாகிறது. மண்ணுக்குள் காய்க்கிற நிலக்கடலை தெரியும். மண்ணுக்குள் பூக்கிற பூவைப் பார்த்ததில்லை. போய்ப் பார்த்தால் ஆச்சி சொன்னது சரிதான். தொட்டியில் சாம்பல் பூத்த பச்சையில் இரண்டு தடித்த இலை. அவற்றின் இடுக்கில், மண்ணிலிருந்து இரண்டு விரற்கடை உயரம்கூட இல்லாமல், ஒரு சிவப்பு மொட்டு பாதி விரிந்து நின்றுபோயிருந்தது. தண்டே இல்லை. குளிர் தாங்காமல் போர்வைக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டவர் மாதிரி இருந்தது. குளிர் கிடைக்காததுதான் அதன் நோய் என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நடந்ததையெல்லாம் எண்ணிக்கையோடு நோட்டில் குறித்து வந்தேன். வசந்தத்தில் பூக்கும் கிழங்குச் செடி வேண்டும் என்று நர்சரிக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி அத்தனையும் அந்த ஒரு வீட்டிலேயே வந்துவிட்டன.

பள்ளிப் புத்தகத்தில் இதற்குக் குமிழம் என்று பெயர், வெங்காயம்தான் உதாரணம். நர்சரியில் குமிழம், கந்தம் (சேனை மாதிரியானது) என்று யாரும் பிரித்துப் பேசுவதில்லை. ‘பல்பு இருக்கா’ என்று கேட்டால் எங்கள் பையன் எதிர்த்தாற்போல் இருக்கும் எலெக்ட்ரிக் கடையைக் கை காட்டுவான். கிழங்கு என்றே சொல்லிப் போகிறேன்.

வீடும் வந்த கிழங்கும்

வழக்கமான செட்டிநாட்டு வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்னால் கிணறும் தோட்டமும். மண் செம்புறாங்கல் சிதைந்த செம்மண். காய்ந்தால் கடப்பாரை கேட்கும். ஆச்சிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. மகள் நெதர்லாந்தில். ஒரு வருடம் அவர் கியூக்கன்ஹாஃப் தோட்டத்துக்குப் போய் வீடியோ காலில் துலிப்பைக் காட்டியிருக்கிறார். 32 ஹெக்டேர் தோட்டம். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஏறக்குறைய 70 லட்சம் கிழங்கைக் கையால் நடுகிறார்கள். மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை எட்டு வாரம்தான் திறந்திருக்கும். அதைப் பார்த்த பிறகு ஆச்சிக்குத் தன் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் சப்பென்று ஆகிவிட்டன.

ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்து எடுத்து வரட்டுமா என்று மகள் கேட்டாராம். அது கூடாது. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி நடவுக் கிழங்கை இந்தியாவுக்குள் கொண்டுவர இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இதில் சட்டத்தைவிட மண்தான் எனக்குக் கவலை. கிழங்கோடு ஒட்டிவரும் நூற்புழு ஒருமுறை தோட்டத்தில் இறங்கிவிட்டால் லேசில் போகாது. ஆகவே இங்கேயே ஆன்லைனில் ஒரு கடையில் வாங்கினார்கள். துலிப் 20, டாஃபடில் 10, ஹையசிந்த் 5. ‘எல்லாத் தட்பவெப்பத்துக்கும் ஏற்றது’ என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தார்களாம். கார்த்திகைக் கடைசியில் பார்சல் வந்தது. அன்றைக்கே நட்டாயிற்று.

நான் போய் எண்ணியபோது துலிப் இருபதில் ஏழு முளைக்கவே இல்லை. பதினொன்று இலையோடு சரி. இரண்டில் பூ, மேலே சொன்ன லட்சணத்தில். டாஃபடில் பத்தும் வெங்காயத்தாள் மாதிரி இலை விட்டு நின்றன. ஹையசிந்த் ஐந்தில் மூன்று பூத்திருந்தன. கதிர் எழும்ப முடியாமல் கழுத்திலேயே நெரிந்து கிடந்தது, வாசனையில் மட்டும் குறை வைக்கவில்லை.

முதலில் நான் சொன்னது தப்பு

முளைக்காத ஏழையும் தோண்டி எடுத்ததும் காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கிழங்கின் அடித்தட்டு பழுப்பாகி, அமுக்கினால் பிசுபிசுத்தது, புளித்த வாடை. வடிகால் கோளாறு என்று முடிவு கட்டி, மணல் கலந்து, தொட்டியின் ஓட்டையைப் பெரிதாக்கி, பூஞ்சைக்கொல்லியும் ஊற்றச் சொன்னேன். தோட்டக்கார அண்ணன் தண்ணீர் போதவில்லை என்றார். ஆச்சி மண்ணைக் குறை சொன்னார். ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு நின்றோமே தவிர, அழுகாத பதினொன்று ஏன் பூக்கவில்லை என்று மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அது உறைத்தது. மீன்தொட்டிக் கடையில் விற்கிற தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, மறுநாள் தொட்டி மண்ணில் நாலு விரல் ஆழத்தில் செருகி வைத்தேன். மதியம் 2 மணிக்கு 31 டிகிரி. விடியற்காலை ஆச்சியே எழுந்து பார்த்துச் சொன்னார்: 23.

துலிப் கிழங்குக்கு வேண்டியது 5-லிருந்து 9 டிகிரிக்குள், தொடர்ச்சியாக 12 முதல் 16 வாரம். நம் மார்கழி விடியலில் காற்றே 20-க்குக் கீழே இறங்கினால் அதிசயம். பஜனைக்குப் போகிறவர்கள் தலையில் துண்டைப் போர்த்துகிற குளிரைக் கிழங்கு குளிர் என்றே எண்ணாது.

இது ஏன் என்பது கிழங்கை அறுத்துப் பார்த்தால் தெரியும். அடுத்த செட் வந்தபோது ஒன்றைப் பலி கொடுத்து, பிளேடால் நெட்டுக்கு அறுத்தேன். வெளியே பழுப்புத் தோல். உள்ளே வெள்ளை வெளேரென்று சதைப்பற்றான செதில்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. நடுவில் வெளிர்மஞ்சளில் ஒரு குருத்து. ஊசியால் அதைப் பிரித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அரிசி மணி அளவில் முழுப் பூ. ஆறு இதழ், ஆறு மகரந்தத்தண்டு, நடுவில் மூன்றாகப் பிரிந்த சூலகமுடி. ஆச்சி கண்ணாடியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “உள்ளாறயே எல்லாம் செஞ்சு வச்சுத்தான் அனுப்புறானா?”

அதேதான். பூவைச் செய்யும் வேலை முந்தின கோடையிலேயே கிழங்குக்குள் முடிந்துவிடுகிறது. நாம் போடும் உரத்துக்கும் அந்தப் பூவுக்கும் சம்பந்தமில்லை. பாக்கி இருப்பது அந்தப் பூவைத் தூக்கி நிறுத்தும் தண்டு நீளுவது. குளிரில் கிடக்கும் வாரங்களில்தான் கிழங்கிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது, தண்டு நீளத் தயாராகிறது. மத்திய ஆசிய மலைகளில் பனிக்கடியில் கிடந்து பழகிய செடி அது. பனி முடிந்தது என்று தெரிந்தால்தான் எழும். ஸ்ரீநகரில் ஜபர்வான் மலையடிவாரத்துத் துலிப் தோட்டம் மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் அப்படிப் பூப்பதற்குக் காரணம் அங்கே பெய்யும் பனி. பள்ளத்தூரில் அந்தக் குளிர்காலமே வரவில்லை, கிழங்கு அரைகுறையாக எழுந்தது. அழுகல் அதற்கு மேல் வந்த இரண்டாவது தொல்லை.

ஃபிரிட்ஜில் ஒரு குளிர்காலம்

ஆச்சி விடுவதாக இல்லை. “குளுருதானே வேணும், ஃபிரிட்ஜு இருக்குல்ல” என்றார். நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன்.

2022 செப்டம்பரில் வேறொரு கடையில் 21 துலிப் வாங்கினோம். அறுத்தது போக இருபது. பத்து ஆச்சி வீட்டு ஃபிரிட்ஜில், பத்து என் நர்சரியில் விதையும் பால் பாக்கெட்டும் வைக்கும் பழைய ஃபிரிட்ஜில். ஓட்டை போட்ட காகித உறையில், தண்ணீர் காட்டாமல், காய்கறித் தட்டில் 14 வாரம். இரண்டிலும் அதே மீன்தொட்டி தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். இரண்டும் 5, 6 டிகிரி. நடுவில் ஒருநாள் ஆச்சி வீட்டில் சமைக்கிற அக்கா அந்த உறையைப் பெரிய வெங்காயம் என்று எடுத்துத் தோல் உரிக்க உட்கார்ந்துவிட்டார். ஒன்றோடு தடுத்துவிட்டோம். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் டச்சுக்காரர்கள் துலிப் கிழங்கை வேகவைத்துத் தின்று உயிர் பிழைத்தார்கள் என்று அப்புறம் சொன்னபோது, அந்த அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

2023 ஜனவரி முதல் வாரம் எல்லாவற்றையும் தொட்டியில் நட்டோம். இந்த முறை வெளியே வைக்கவில்லை. இரண்டாங்கட்டுத் தாழ்வாரத்தில், வெளிச்சம் படும்படி, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில். தடித்த சுண்ணாம்புச் சுவரும் அந்தத் தரையும் சேர்ந்து மதியத்திலும் 26-க்கு மேல் ஏறவிடவில்லை. தினமும் தொட்டியில் ஐஸ் கட்டி போட்டால் போதும் என்று யாரோ மகளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஐஸ் உருகும் பத்து நிமிடத்தில் 14 வாரம் எங்கிருந்து வரும்?

பிப்ரவரியில் கணக்கெடுத்தேன். என் ஃபிரிட்ஜில் இருந்த பத்தில் ஏழு பூத்தன. தண்டு ஒரு சாண் நீளம். குளிர்நாட்டில் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும் பூ இங்கே மூன்று நாளில் இதழைக் கொட்டியது. ஆனாலும் துலிப் துலிப்தான். மஞ்சளும் சிவப்புமாக அந்தக் கல் தரையின் பூ வேலைப்பாட்டுக்கு மேல் நின்றபோது, இரண்டாங்கட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் செருப்பை விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார்கள். ஆச்சி வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த ஒன்பதில் (ஒன்றுதான் தோலுரிந்து போயிற்றே) ஒன்றுகூடப் பூக்கவில்லை. இலை நன்றாக வந்தது. இலையை விரித்துப் பார்த்தால் உள்ளே மொட்டு அப்பளத் துணுக்கு மாதிரி காய்ந்து கிடந்தது.

ஒரே கடைக் கிழங்கு, ஒரே குளிர், ஒரே மண். வித்தியாசம் காய்கறித் தட்டில் இருந்தது. ஆச்சி வீட்டில் அதே தட்டில் ஆப்பிள் எப்போதும் இருக்கும். பழுக்கிற பழம் எத்திலீன் வாயுவை விடும். வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்க வைக்கிறோமே, அந்தப் புகையிலும் வேலை செய்வது அதுதான். தாரைப் பழுக்க வைக்கும் வாயு கிழங்குக்குள் இருக்கும் பிஞ்சு மொட்டைக் கருக்கிவிடும், வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. ஃபிரிட்ஜில் கிழங்கு வைக்கிறவர்கள் இந்த ஒன்றை மறக்கக்கூடாது: பழம் இருக்கிற ஃபிரிட்ஜ் ஆகாது.

மே மாதம் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். நட்ட கிழங்கு இருந்த இடத்தில் வெறும் தோல் பை. பக்கத்தில் நிலக்கடலைப் பருப்பு அளவில் இரண்டு மூன்று குட்டி. துலிப்பின் வழக்கமே அப்படித்தான். தாய்க்கிழங்கு தன்னைக் கரைத்துக்கொண்டு போகும், புதுக்கிழங்கு இலையின் உழைப்பில் பருக்க வேண்டும். குளிர்நாட்டு வசந்தத்தில் இலைக்கு நிதானமாக உழைக்க நாள் இருக்கிறது. பங்குனி வெயில் இங்கே நாலு வாரத்தில் இலையை மஞ்சளாக்கிவிட்டது. அந்தக் குட்டி மறு வருடம் பூக்காது.

ஆச்சி மனக்கணக்குப் போட்டார். கிழங்கு ஒன்று 60 ரூபாய், இருபதுக்கு 1,200. பூ ஏழு. பூவொன்று 170 ரூபாய்க்கு மேல். “வட்டி கெடக்கட்டும் தம்பி, மொதலே திரும்பலையே.”

கொடுக்கல் வாங்கலில் தலைமுறை தலைமுறையாக ஊறிய வீடு. அதைவிடத் தெளிவாக எந்தத் தோட்டக்கலைப் பாடத்திலும் நான் கேட்டதில்லை. முதல் திரும்புகிற கிழங்கு எது என்பதுதான் அதற்குப் பிறகு எங்கள் கேள்வி.

கிணற்றடி

பதில் கிணற்றடியில் இருந்தது. அதே மே மாதம், ஒரு கோடை இடிமழைக்குப் பிறகு, அங்கே இலையே இல்லாத ஒரு தண்டின் மேல் கிரிக்கெட் பந்தைவிடப் பெரிதாக ஒரு சிவப்பு உருண்டை. ஃபுட்பால் லில்லி என்று நாங்கள் விற்கும் ஆப்பிரிக்கச் செடி. நூற்றுக்கும் மேலே சின்னச் சின்னப் பூ சேர்ந்து ஒரே பந்தாக நிற்கும். “அது மாமியார் வச்சது. வருஷா வருஷம் அதுபாட்டுக்கு வரும்” என்றார் ஆச்சி, துலிப் தொட்டியைக் கழுவிக்கொண்டே.

அதன் பக்கத்தில் வாழைக்கன்று நிழலில், பட்டையான இலை விட்டு, ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு ஒரு நீள வரிசை. சிவப்பு லில்லி, நர்சரியில் அமரில்லிஸ் என்போம், தாவரவியலில் ஹிப்பியாஸ்ட்ரம். தென் அமெரிக்கச் செடி. ரங்கூனிலிருந்து கப்பலில் வந்ததாக அந்த வீட்டில் ஒரு பேச்சு உண்டு. நம் தோட்டங்களில் இது பங்குனி, சித்திரையில் பூக்க வேண்டியது; உண்மையில் செட்டிநாட்டு வசந்தத்தின் கிழங்கு இதுதான். ஆனால் அந்த வரிசை பூத்துப் பத்துப் பன்னிரண்டு வருடமாகிறது என்றார்கள்.

“எப்பண்ணே நின்னுச்சு?” என்று தோட்டக்கார அண்ணனைக் கேட்டேன்.

யோசித்துச் சொன்னார்: “போர் போட்டு மோட்டார் வச்ச வருசமா இருக்கும். அதுக்கு முந்தி கேணியில எறைச்சு ஊத்தணும். தை மாசியில கேணி வத்திப்போயிரும், இதுக்கெல்லாம் யாரு ஊத்துனா? இப்பத்தான் டியூப்பப் போட்டு வருசம் பூரா விடுறோமே.”

அவர் வாயாலேயே விடை வந்துவிட்டது. கிழங்கு என்பது ஒரு கெட்ட காலத்தைத் தாண்டுவதற்காகச் செடி கட்டிய களஞ்சியம். துலிப்புக்குக் கெட்ட காலம் பனி. இந்த லில்லிக்கு வறட்சி. பனியை நாம் காசு கொடுத்து ஃபிரிட்ஜில் வாங்க வேண்டும். வறட்சி சிவகங்கைச் சீமையில் கேட்காமலே கிடைக்கும். அதைத்தான் டியூப் போட்டுக் கெடுத்து வைத்திருந்தோம்.

ஆனாலும் ஒரு காரணத்தோடு நிறுத்தினால் துலிப் கதை மறுபடி நடக்கும் என்று, ஒரு கிழங்கைத் தோண்டி அறுத்தேன். இந்தச் செடி நாலு இலைக்கு ஒரு பூமொட்டு என்று வரிசை தவறாமல் உள்ளே கட்டிக்கொண்டே போகும். செதிலை எண்ணிப் பிரித்ததில் மூன்று இடத்தில் மொட்டு இருந்தது. இரண்டு செத்துத் தட்டையாகிக் காகிதமாக ஒட்டியிருந்தன, ஒன்று மட்டும் உயிரோடு. கட்டத் தெரிகிறது, வெளியே அனுப்பச் சக்தியில்லை. நெருக்கமும் வாழை நிழலும் சேர்ந்து கிழங்கையும் எலுமிச்சை அளவிலேயே வைத்திருந்தன. ஆக வறட்சியின்மை, நெருக்கம், நிழல், மூன்றுமே சந்தேகக் கேஸ்.

2023 ஆடியில் பாதி வரிசையைப் பிரித்தோம். மீதியைத் தொட ஆச்சி விடவில்லை. அறுபதுக்கு மேல் கிழங்கு வந்தது. பெரியதாக 24 பொறுக்கி, வெயில் படும் இடத்தில் சிமென்ட் தொட்டிகளில், கழுத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டோம். (வெங்காயம் மாதிரி முழுக்கப் புதைப்பதுதான் எல்லாரும் செய்கிற தப்பு.) மார்கழி மழை ஓய்ந்ததும் பன்னிரண்டு தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துத் தண்ணீரை அடியோடு நிறுத்தினோம். மற்ற பன்னிரண்டுக்கு வழக்கம்போலத் தண்ணீர். கிணற்றடி வரிசை இருந்தபடி.

பழனிக்குக் காவடி புறப்பட்ட வாரம் தாழ்வாரத்துத் தொட்டிகளில் இலையெல்லாம் பழுத்துச் சாய்ந்து கிடந்தது. ஆச்சிக்கு மனசு கேட்கவில்லை. செம்பில் தண்ணீரோடு வந்துவிட்டார், “பச்சப் புள்ளைக்குத் தண்ணி குடுக்காம இருக்கச் சொல்றீகளே.” அவரைத் தடுத்து நிறுத்தியதுதான் இந்த ஆய்வில் நான் செய்த ஒரே கஷ்டமான வேலை. மாசிமகம் கழிந்து, மார்ச் முதல் வாரம் தொட்டிகளை வெயிலுக்கு நகர்த்தி, ஒருமுறை நன்றாக ஊற்றினோம். பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் ஆச்சி போட்டோ அனுப்பினார். கழுத்தின் ஓரத்தில், இலைக்கு முன்னாலேயே, கிளி மூக்கு மாதிரி ஒரு நுனி. அது இலையா மொட்டா என்பதை விரலால் பிடித்துப் பார்த்துச் சொல்லலாம். இலை தட்டையாக வழுக்கும்; மொட்டு நடுவில் புடைத்திருக்கும்.

சித்திரை பிறக்குமுன் காயப்போட்ட பன்னிரண்டில் ஒன்பது பூத்தன, பத்து நாளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக. தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்த பன்னிரண்டில் நாலு, அதுவும் ஒன்று சித்திரையில், ஒன்று ஆனியில், மற்றவை ஆடியில் என்று சிதறி. கிணற்றடி வரிசையில் ஒன்றுகூட இல்லை. இருபத்துநாலு தொட்டியை வைத்துப் பெரிய முடிவுக்கு வரமாட்டேன். பிரித்து வெயிலில் வைத்ததால் கொஞ்சமும், காயப்போட்டதால் மிச்சமும் என்றுதான் எனக்குப் படுகிறது. இலை பச்சையாக இருக்கிற வைகாசி முதல் கார்த்திகை வரை தண்ணீரும் தொழு உரமும் கொடுத்து, பூ போனதும் இலையை ஒட்ட நறுக்கும் பழக்கத்தையும் நிறுத்தியதில், 2025-இல் அதே பன்னிரண்டில் பதினொன்று பூத்தது. கிழங்கும் பக்கக்கன்று விட்டிருக்கிறது. முதல், வட்டியோடு.

தொல்லை இல்லாமல் இல்லை. மழைக்காலத்தில் கறுப்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த புழு கூட்டமாக வந்து ஒரே ராத்திரியில் இலையைக் கழுத்துவரை தின்றுவிடும். மருந்தைவிட டார்ச் அடித்துப் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடுவது மேல். இலையில் சிவப்புத் தழும்பு விழுந்தால் தலையில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டும். பெருச்சாளி துலிப்பைத் தோண்டித் தின்றது, இதை மோந்துவிட்டுப் போய்விட்டது. கிழங்கில் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது. அதனால் இதை அடுப்படிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. மனிதன் தின்றாலும் வாந்தி பேதிதான்.

வறட்சியில் தூங்கி மழைக்கு எழும் இன்னொன்று மழை லில்லி. சாக்கடை ஓரத்தில் கிடந்த அதை ஆச்சி புல்லென்று நினைத்திருந்தார். காய்ந்து கிடந்து ஒரு கோடை மழை குடித்தால் நாலைந்து நாளில் ரோஸ் நிறத்தில் பூத்துவிடும். செங்காந்தளைச் சிலர் கேட்கிறார்கள். அது கார்த்திகைப்பூ, வசந்தத்துக்கு வராது.

ஆச்சியின் மகளுக்குச் சிவப்பு லில்லிப் படம் போனதும் அங்கிருந்து பதில் வந்தது: இது எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் சமயம் கடைக்குக் கடை தொட்டியோடு விற்கிறதே என்று. ஆச்சி அதைப் படித்துக் காட்டிச் சிரித்தார்.

கிணற்றடியில் பாக்கி இருக்கும் வரிசையை வருகிற ஆடியில் பிரித்துக்கொள்ளலாம் என்று இப்போது சொல்லியிருக்கிறார். அதிலும் பாதியைத்தான். மீதிப் பாதி மாமியார் நட்டபடியே இருக்கட்டுமாம், பூக்காவிட்டாலும்.